அனுமதி பத்து நிமிடத்தில் கிடைக்கும், பிளானை நாம்தான் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

பிளான் விதிப்படி இருக்கிறது என்று வீட்டுக்காரரே உறுதி சொல்லும் சுயசான்று முறையில் கட்டிட அனுமதி வழங்குவது பற்றி உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது, ஒவ்வொரு முறையும் விடாமல் படிக்கிறேன். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரையோடு ஒரு மாடி கட்டுகிறவர்கள் இணையத்தில் விண்ணப்பித்து, கட்டணத்தைக் கட்டி, உடனே அனுமதியைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். 2024 ஜூலையில் இது வந்தபோது நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். ஒரு சின்ன வீட்டுக்கு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல இந்தக் கடிதம் இல்லை. அனுமதி வேகமாக வருகிறது என்பதால் பிளானையும் வேகமாகப் போட்டுவிடுகிறோமே, அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

போன மாதம் என் அக்கா மகன் போன் செய்தான். "சித்தி, அனுமதி வாங்கியாச்சு, பத்து நிமிஷம்கூட ஆகலை" என்றான். நல்லதுப்பா என்று சொல்லிவிட்டு, மாடிப்படி எத்தனை அடி அகலம், எந்தப் பக்கம் ஏறுகிறது என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. செப்டிக் டேங்க் எங்கே வருகிறது என்றேன். "அதெல்லாம் கட்டும்போது பார்த்துக்கலாம்னு இன்ஜினியர் சொன்னார்" என்றான். மனையை அளந்தீர்களா என்றால், பத்திரத்தில்தான் அளவு இருக்கிறதே என்கிறான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் இதே பதில்களை ஆறேழு வருடத்துக்கு முன்னால் நானும் என் வீட்டுக்காரரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

எங்கள் மனை கும்பகோணத்தை ஒட்டிய ஒரு ஊராட்சியில் இருக்கிறது. பத்திரத்தில் 30-க்கு 50, அதாவது 1,500 சதுர அடி. பிளான் போட்டவர் மனையைப் பார்க்க வந்தார், நின்றபடியே பார்த்துவிட்டுப் போனார், டேப்பை எடுக்கவில்லை. அடித்தளத்துக்கு வானம் தோண்ட மேஸ்திரி கயிறு கட்டும்போதுதான் தெரிந்தது, முன்பக்கம் 30 அடி சரியாக இருக்கிறது, பின்பக்கம் 29 அடி 2 அங்குலம்தான். பக்கத்து மனைக்காரர் எப்போதோ காம்பவுண்டு கட்டும்போது சற்று உள்ளே வந்திருக்கலாம், இல்லை லேஅவுட் போட்டபோதே எல்லைக் கல்லைத் தள்ளி நட்டிருக்கலாம், இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. 10 அங்குலம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் பிளானில் பக்கவாட்டில் எல்லைவரை காலியாக விட்டிருந்த இடம் விதிக்குத் தேவையான அளவுக்கு மேல் ஒரு அங்குலம்கூடக் கூடுதலாக இல்லை. பின்மூலையில் அது குறைந்துபோனது. சுவரை நகர்த்தினால் உள்ளே அறை சின்னதாகிறது, நகர்த்தாவிட்டால் விதிமீறல்.

இதைச் சரிசெய்ய ஒரே வழி பிளானுக்கு முன்னால் அளப்பதுதான். நாலு பக்கத்தையும் அளந்தால் மட்டும் போதாது, இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும், அப்போதுதான் மனை கோணலா நேரா என்று தெரியும். பத்திரம், பட்டா, புலப்படம் (சர்வேயில் போட்ட நில அளவு வரைபடம்) மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனையோடு ஒப்பிட வேண்டும். சந்தேகம் இருந்தால் கட்டணம் கட்டி சர்வேயரை அழைத்து எல்லைக் கல்லைக் காட்டச் சொல்லலாம். மனை அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் போட்ட அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளை வரன்முறை செய்துகொள்ள, அதாவது முறைப்படி அங்கீகாரம் வாங்கிக்கொள்ள, 2017-இல் அரசு வழி செய்தது, ஆனால் தங்கள் மனைக்கு அது செய்யப்பட்டதா என்று பலர் வீடு கட்டக் கிளம்பும்வரை பார்ப்பதே இல்லை.

அளவு பற்றிப் பேசும்போது இன்னொன்று. பிளான் மீட்டரில் வருகிறது, மேஸ்திரி அடியில் வேலை செய்கிறார். ஒரு மீட்டர் 3.28 அடி. எங்கள் ஊரில் மூன்றேகால் அடி என்று வாய்க்கணக்கு போடுவார்கள். 15 மீட்டருக்கு அந்தக் கணக்கில் ஐந்து அங்குலத்துக்கு மேல் தப்பிவிடும். பிளானிலேயே மீட்டருக்குக் கீழே அடி அங்குலத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதித் தருவார்கள், கேட்டால் போதும்.

அப்புறம் 10-க்கு 10 அறை என்று சொல்வார்களே, அது எங்கிருந்து எங்கே? எங்கள் பிளானில் அது சுவரின் நடுவிலிருந்து அடுத்த சுவரின் நடுவுக்கு. 9 அங்குலச் சுவரில் இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதி போய், பூச்சும் பூசினால், கையில் மிஞ்சுவது ஏறக்குறைய 9 அடி 2 அங்குலம். எங்கள் கட்டிலைப் போட்டு பீரோவை வைத்தால் பீரோ கதவு முழுக்கத் திறக்காது. ஒவ்வொரு அறைக்கும் உள்ளளவு என்ன என்பதைத் தனியாக எழுதி வாங்க வேண்டும். இதைவிட எளிதான ஒரு வழியை எங்களுக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார், நேரம் கடந்து சொன்னார் என்பதுதான் வருத்தம். இப்போது குடியிருக்கிற வீட்டு மொட்டைமாடியில் சாக்பீஸால் அறைகளை முழு அளவில் வரைந்து பார்ப்பது. கட்டில் இங்கே, பீரோ இங்கே, அடுப்பு மேடை இங்கே என்று கோடு போட்டு, நடுவில் நடந்து பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை. காகிதத்தில் பெரிதாகத் தெரிகிற சமையலறையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் இடிக்காமல் நிற்க முடியுமா என்பது அங்கே தெரிந்துவிடும்.

எங்களை உண்மையில் நிலைகுலைய வைத்தது மாடிப்படி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த வீடுகளில் பாதிக்குப் பாதி இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. பிளானில் படிக்கு 6-க்கு 9 அடி என்று ஒரு பெட்டி போட்டு, உள்ளே நாலைந்து கோடு இழுத்திருந்தார்கள். எத்தனை படி, ஒரு படி எத்தனை அங்குல உயரம் என்று யாரும் எண்ணவில்லை. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே 10 அடி உயரம், கான்கிரீட் 5 அங்குலம், ஆக மொத்தம் 125 அங்குலம் ஏற வேண்டும். ஒரு படி 7 அங்குலம் என்றால் 18 ஏற்றம். நடுவில் திரும்பி ஏறுகிற படியானால் பக்கத்துக்கு 9 ஏற்றம், அதில் கால் வைக்கிற பலகை 8. ஒவ்வொன்றும் 10 அங்குலம் என்றால் 6 அடி 8 அங்குலம், திரும்புகிற இடத்துக்கு 3 அடி, ஏறத் தொடங்கும் இடத்தில் நிற்க இன்னும் 3 அடி. அதாவது பன்னிரண்டரை அடிக்கு மேல் நீளம் வேண்டும். எங்களுக்குக் கொடுத்ததோ 9 அடி. தேசியக் கட்டிட விதித்தொகுப்பு வீடுகளுக்குப் படியின் உயரம் 19 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, கால் வைக்கும் அகலம் 25 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது, அது ஏதோ அதிகாரிகளுக்காக எழுதியது இல்லை, நம் முழங்காலுக்காக எழுதியது.

இடம் போதவில்லை என்று கம்பி கட்டுகிற நேரத்தில் தெரிந்ததும், சைட்டில் நின்றபடியே ஒரு முடிவு எடுத்தார்கள்: படியை வெளிப்பக்கம் மூன்றடி தள்ளிவிடலாம். பக்கவாட்டில் விட்ட இடம் அதில் போய்விட்டது. அனுமதி வாங்கியாச்சு, இனி யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றார்கள். நாங்களும் தலையாட்டினோம்.

வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். கடனின் மூன்றாவது தவணைக்கு முன்னால் கட்டிடத்தைப் பார்க்க வருவார்கள். கையில் அனுமதி வரைபடம், எதிரே வேறு ஒரு கட்டிடம். தவணை நின்றது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் தன் வேலையைத்தான் செய்தார். திருத்திய வரைபடம் போட்டு, திரும்பக் கட்டணம் கட்டி, படியின் ஒரு பகுதியை இடித்து, சுற்றி வேறு மாதிரிக் கட்டி முடிக்க ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் வாடகை ஒரு பக்கம், வாங்கிய கடனுக்கு வட்டி ஒரு பக்கம். கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார். மழையில் கம்பி துருப்பிடித்து நின்றதைத் தினமும் பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன்.

இந்த மாவட்டம் முழுக்க ஒரு பழக்கம் இருக்கிறது, மற்ற ஊர்களிலும் இருக்கும் என்றே நினைக்கிறேன். அனுமதிக்கு ஒரு பிளான், கட்டுவதற்கு ஒரு பிளான். முன்பெல்லாம் அனுமதி பிளானை ஏற்கெனவே இருக்கிற ஒரு கோப்பில் பெயரையும் அளவையும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், அதிகாரி பார்த்துத் திருப்பி அனுப்பினால் திருத்துவார்கள். இப்போது சுயசான்றில் யாரும் திருப்பி அனுப்பப்போவதில்லை. பிளான் விதிப்படி இருக்கிறது, அதன்படியே கட்டுவேன் என்று உறுதி சொல்வது வீட்டுக்காரர். தவறான தகவல் கொடுத்ததாகத் தெரிந்தால் அனுமதி ரத்தாகும். இந்த அளவு வீடுகளுக்குக் கட்டிட நிறைவுச் சான்று தேவையில்லை என்று விலக்கு கொடுத்திருப்பதை, எப்படி வேண்டுமானாலும் கட்டலாம் என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள், அது மிகவும் ஆபத்தான புரிதல். உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஒரு வழக்கில், அனுமதியை மீறிய கட்டிடத்தை, நாளாகிவிட்டது, பணம் போட்டுவிட்டோம் என்ற காரணங்களைச் சொல்லி நியாயப்படுத்த முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நாளைக்கு வீட்டை விற்கப் போனாலோ, இன்னொரு மாடிக்கு அனுமதி கேட்டாலோ, இந்த முதல் பிளான்தான் எடுத்துவரப்படும்.

சரி, என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்டால், முதலில் வீட்டைச் சுற்றி விடுகிற இடத்தைப் பாருங்கள் என்பேன். சாலை எவ்வளவு அகலம், வீடு எவ்வளவு உயரம், மனை எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்து அது மாறும், 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளில் அட்டவணையாகவே இருக்கிறது. பிளான் போடுபவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஆனால் விதிக்கு விட்டால் மட்டும் போதாது, அந்த இடத்தில் என்னென்ன வரப்போகிறது என்பதையும் பிளானிலேயே வரைய வேண்டும். செப்டிக் டேங்க், தண்ணீர் சம்ப், போர், மழைநீர் சேகரிப்புக் குழி, சமையலறைக் கழிவுநீர் போகிற பாதை, மேலே சன்ஷேடு எவ்வளவு நீட்டுகிறது, ஏசியின் வெளிப்பெட்டி எங்கே தொங்கும், மின் மீட்டர் பெட்டி எங்கே. மழைநீர் சேகரிப்பு நம் மாநிலத்தில் 2003-இலிருந்தே கட்டாயம், இருந்தும் எத்தனையோ பிளானில் அது மூலையில் ஒரு சின்ன வட்டமாக மட்டும் இருக்கும், கட்டும்போது அந்த மூலையில் மோட்டார் உட்கார்ந்திருக்கும். செப்டிக் டேங்கை வீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டு, கழிவு உறிஞ்சுகிற லாரியின் குழாய் எந்த வழியாகப் போகும் என்று யோசிக்காதவர்களை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் குடிநீர்க் கிணறோ போரோ எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும், அது அவர்கள் குடிக்கிற தண்ணீர்.

கார் நிறுத்த இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் என்று விதி சொல்கிறது. போர்ட்டிகோவில் நடுவே ஒரு பில்லர் வந்தால் அந்த அளவு காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். கட்டுமானப் பொறியாளரிடம் பில்லர் எங்கெங்கே வரும் என்று கேட்டு அதைக் குறித்த பிறகுதான் பிளானை முடிவாக்க வேண்டும், ஆனால் பெரும்பாலும் அனுமதி வாங்கிய பிறகுதான் கம்பிக் கணக்குப் போடுகிறார்கள். எங்கள் பக்கம் களிமண் பூமி, வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். ஒரு குழி தோண்டி மண்ணைப் பார்த்து அடித்தளத்தை முடிவு செய்த பிறகு சுவரும் பில்லரும் எங்கே என்று வரைவதுதான் முறை.

பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் என்பதைச் சாலையிலிருந்து கணக்கிட வேண்டும், மனையிலிருந்து கணக்கிடக்கூடாது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று அரசு 2021-இல் உத்தரவிட்டது, இருந்தும் எங்கள் தெருவில் சாலை உயர்ந்துகொண்டுதான் போகிறது. பத்து வருடம் கழித்து வாசலில் தண்ணீர் நிற்குமா என்று இப்போதே பாருங்கள். பேஸ்மட்டத்தை உயர்த்தினால் வாசற்படிகள் கூடும், படிகள் கூடினால் முன்பக்க இடத்தை அவை தின்னும், கார் ஏற சரிவும் வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

வாஸ்து பற்றி ஒரு வார்த்தை. நம்பிக்கை உள்ளவர்கள் பார்க்கட்டும், என் மாமியாருக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் அனுமதி வாங்கிய பிறகு வாஸ்து பார்க்கிறவரை அழைத்து வருகிறார்கள். அக்கா மகன் வீட்டில் அதுதான் நடந்தது. வெள்ளிக்கிழமை அனுமதி, ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வந்து சமையலறையை அக்னி மூலைக்கு, அதாவது தென்கிழக்குக்கு, மாற்று, படியை இந்தப் பக்கம் கொண்டுவா என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே ஒரு தடுப்புச் சுவரை நகர்த்துவது வேறு, படியையும் வெளிச்சுவரையும் ஜன்னலையும் மாற்றுவது வேறு. பார்ப்பதானால் முதல் கோடு போடுவதற்கு முன்னால் பாருங்கள், அவர் சொல்வதையும் பிளான் போடுபவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தரைத்தளத்தில் ஒரு படுக்கையறையும் அதையொட்டி ஒரு குளியலறையும் வேண்டும். குளியலறைக் கதவு இரண்டரை அடி வைத்தால், நிலையும் கதவும் எடுத்துக்கொண்டது போக சக்கர நாற்காலி நுழைவதே சிரமம். என் அம்மா கடைசி ஒன்றரை வருடம் எங்களோடு இருந்தார். ஒவ்வொரு முறையும் நாற்காலியை வாசலில் நிறுத்திவிட்டு, அவரை இரண்டு பேர் தாங்கி உள்ளே அழைத்துப்போவோம். அவருக்கு அது வலியைவிடக் கூச்சமாக இருந்தது. அரை அடி அகலம் கூட்டியிருந்தால் போதும், பிளான் போட்டபோது அதற்கு ஒரு பைசாகூட ஆகியிருக்காது. இன்றைக்கும் அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

பிளான் போடுகிற பொறியாளர்களைக் குறை சொல்லி என் பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. அவர்களில் நல்லவர்கள் நிறைய பேர், அவர்களிடம் நாம் கேட்பதே "சீக்கிரம் அப்ரூவல் வாங்கிக் கொடுங்க" என்பதுதான். பிளானுக்குச் சில ஆயிரம் கூடக் கொடுக்க யோசிக்கிறோம், டைல்ஸுக்கு ஒரு லட்சம் கூடப் போனால் பரவாயில்லை என்கிறோம். இரண்டு மூன்று முறை உட்கார்ந்து பேசி, வெட்டுத்தோற்றம் (வீட்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே எப்படித் தெரியும் என்ற படம்), படியின் விவரம், கதவு ஜன்னல் பட்டியல் எல்லாம் போட்டுத் தருகிற ஒருவருக்கு உரிய கட்டணத்தைக் கொடுப்போம். வீட்டில் புழங்கப்போகிற பெண்கள் அந்தப் பேச்சில் உட்கார வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். எங்கள் பிளான் முடிவானபோது நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன், என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் போய் உட்காரவில்லை.

அரசிடம் இரண்டு கோரிக்கை. சுயசான்று விண்ணப்பத்தில் மனையை நேரில் அளந்த அளவு, படியின் எண்ணிக்கையும் உயரமும், செப்டிக் டேங்க் இருக்கும் இடம் ஆகியவற்றை வீட்டுக்காரரே தமிழில் நிரப்புகிற மாதிரி ஒரு பக்கம் இருக்க வேண்டும், அதை நிரப்பாமல் கட்டணப் பக்கத்துக்கே போகக்கூடாது. இரண்டாவது, ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களிலும் நகராட்சிகளிலும் வாரம் ஒரு நாள், விண்ணப்பிக்கும் முன் பிளானைக் காட்டிச் சந்தேகம் கேட்க ஒரு பொறியாளர் உட்கார்ந்தால் போதும். அனுமதி தருவதற்கு அவர் வேண்டாம், இந்தப் படி ஏறாதும்மா என்று சொல்வதற்கு வேண்டும். உங்கள் நாளிதழ் வாரம் ஒரு சின்ன வீட்டின் பிளானை அளவுகளோடு போட்டு, அதில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விளக்கினால் நாங்கள் கத்தரித்து வைத்துக்கொள்வோம்.

அக்கா மகனுக்கு நான் சொன்னது இதுதான்: இன்னும் வானம் தோண்டவில்லை, கட்டிய கட்டணம் போனால் போகட்டும், முதலிலிருந்து பார். முதலில் கோபப்பட்டான். அப்புறம் அவனும் அவன் மனைவியும் மொட்டைமாடியில் சாக்பீஸோடு ஒரு சாயங்காலம் முழுக்க இருந்திருக்கிறார்கள், சமையலறை ஒன்றரை அடி பெரிதாகியிருக்கிறது, படி இடம் மாறியிருக்கிறது. சர்வேயர் வருகிற வியாழக்கிழமை வருகிறார், நானும் டேப்போடு போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.